ஒரு மில்லிமீட்டர் மரத்தின் மேல்

கிதாரின் மேற்பலகையில் ஒலி வெளிப்படுவதற்காக வெட்டப்பட்டிருக்கும் வட்டத் துளையைச் சுற்றி, மரத் துணுக்குகளாலோ சிப்பி ஓட்டினாலோ பதிக்கப்படும் அலங்கார வளையத்துக்கு ரோசெட் என்று பெயர். காண்பவருக்கு அது ஒப்பனையாகத் தோன்றினாலும், துளையின் விளிம்பில் மர இழைகள் அறுபட்டு நிற்பதால், காற்றில் ஈரம் குறையும் நாள்களில் மேற்பலகை விரிசல் விடக்கூடிய இடங்களுள் அதுவும் ஒன்று. இழைகளைக் குறுக்கே கடந்து செல்லும் வளையம் அந்த விளிம்புக்குச் சற்று வலுவும் சேர்க்கிறது. கைவினைஞர்கள் பலர் தமக்கே உரிய கோலமொன்றை இவ்விடத்தில் பதிப்பதால், கிதாரின் உள்ளே ஒட்டிய பெயர்ச்சீட்டைப் படிக்காமலேயே, வளையத்தைக் கொண்டே செய்தவர் இன்னாரென்று சொல்லிவிட முடிகிறது. ஸ்பெயினின் கோர்டோபா நகரப் பெரிய மசூதியின் வளைவுகளை நினைவூட்டும், கிதார்க் கைவினைஞர் ஹோசே ரோமானில்யோஸின் ரோசெட் இதற்கு நல்ல சான்று.

எனவே பழுதுபட்ட ரோசெட்டை மாற்றுவது அலங்காரத்தைப் புதுப்பிக்கும் வேலை மட்டுமன்று. செய்தவரின் கையொப்பத்தைத் தொடும் வேலை அது. அதைவிடக் கவலைக்குரியது வளையம் அமர்ந்திருக்கும் இடம். 19ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய கிதாருக்கு இன்றைய வடிவத்தைத் தந்த அந்தோனியோ தே தோர்ரெஸ், கிதாரின் குரல் பெரும்பாலும் மேற்பலகையிலிருந்தே பிறக்கிறது என்பதைக் காட்ட, 1862இல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் மரத்தில் அமைத்து ஒரு கிதாரையே உருவாக்கினார். அத்தகைய மேற்பலகையின் கனம் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர்தான். அதில் வளையத்துக்காகத் தோண்டும் பள்ளம் ஒன்றரை மில்லிமீட்டர் வரை ஆழம் கொள்வதால், அடியில் எஞ்சுவது ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள மென்மரமே. பழைய வளையத்தைப் பெயர்க்கும் கை சற்றே அழுத்தினாலும் உளி மறுபுறம் வந்துவிடும்.

சிப்பித் துண்டு உதிர்தல், வெயிலில் நிறுத்திய காருக்குள் கிதாரை விட்டுச் செல்வதால் பசை இளகுதல், நரம்பை மீட்டும் பிக் பட்டுப் பட்டுத் தேய்தல் ஆகியவை வளையம் கெடுவதற்கான வழக்கமான காரணங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முழு வளையத்தையும் எடுக்க வேண்டியதில்லை. கெட்ட துண்டை மட்டும் மாற்றுவதே சரியான சிகிச்சை. முழு மாற்றம், வேறு வழியில்லாதபோது மட்டுமே ஏற்கத்தக்கது.

அந்நிலை வந்தால், முதலில் வளையத்தைப் படமெடுத்து, ஒவ்வொரு கோட்டின் அகலத்தையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பழைய கருவிகளில் பெரும்பாலும் வச்சிரம், அதாவது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் தச்சர் பசை, பயன்பட்டிருக்கும். அது வெதுவெதுப்பான நீருக்கும் சூட்டுக்கும் இளகிக் கொடுப்பதால், மெல்லிய தூரிகையால் ஈரத்தைத் தடவிக் காத்திருந்து, மெல்லிய கத்தியால் துணுக்கு துணுக்காகப் பெயர்க்க முடியும். இளகாத நவீனப் பசையாயின், சுழலும் சிறு வெட்டுக்கருவியால் படிப்படியாகச் செதுக்குவதே வழி. அப்போது வட்டத்தின் மையம் வெறும் துளையாக இருப்பதால், துளைக்குச் சரியாகப் பொருந்தும் மர வட்டு ஒன்றைச் செய்து, அதன் நடுவில் முளை ஊன்றி, அம்முளையை அச்சாகக் கொண்டு கருவியைச் சுழற்றுகின்றனர். வளையத்தின் இரு முனைகளும் விரற்பலகையின் அடியில் மறைந்திருந்தால், அப்பலகையைக் கழற்றாமல், அதன் ஓரத்தை ஒட்டியே நேராக வெட்டி நிறுத்துவது போதுமானது.

புதிய வளையத்தை உருவாக்குவது தனிக்கலை. சாயமேற்றிய மெல்லிய மரத்தாள்களை அடுக்கி ஒட்டி, கீற்றுகளாக அறுத்து, கட்டம்போட்ட கோலத்தின்படி வரிசை மாற்றி மீண்டும் ஒட்டினால் ஒரு கட்டை கிடைக்கும். வடிவம் கட்டையின் நீளம் முழுவதும் உள்ளேயே ஓடுகிறது. அதைக் குறுக்கே வில்லை வில்லையாக நறுக்கினால் ஒரே பூ மீண்டும் மீண்டும் வரும். சிப்பி ஓட்டை அறுத்தால் எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால், நீர் தெளித்து, முகக்கவசம் அணிந்தே அவ்வேலையைச் செய்ய வேண்டும்.

ஒட்டிய பின் பொறுமைக்குச் சோதனை தொடங்குகிறது. நீர் கலந்த பசையால் துணுக்குகள் உப்பியிருக்கும்; அந்நிலையிலேயே சமப்படுத்திவிட்டால், சில வாரங்களில் ஈரம் வற்றி வளையம் பள்ளமாக இறங்கிவிடும். நன்கு உலர்ந்த பின்னரே கூரான எஃகுத் தகட்டால் மெல்லச் சுரண்ட வேண்டும். அதற்கு முன் சுற்றியுள்ள வெளிர் மரத்தில் அரக்கு மெருகு ஒரு பூச்சு பூசாவிட்டால், வளையத்திலுள்ள கருங்காலி போன்ற கருமரத்தின் தூள், மேற்பலகையான ஸ்ப்ரூஸ் மரத்தின் நுண்துளைகளில் புகுந்து, துடைத்தாலும் போகாத கறையாகிவிடும். பழைய அரக்கு மெருகு சாராயத்தில் கரையக்கூடியது என்பதால் புதிய பூச்சு அதனோடு கலந்து எல்லை தெரியாமல் இணைகிறது. ஆனால் ஆண்டுகளால் தேன்நிறம் ஏறிய மேற்பலகைக்கு நடுவே புது மரம் வெளிறித் தெரிவதால், மெருகில் சிறிதே நிறம் கலப்பதும் உண்டு. பெயர்த்தெடுத்த பழைய துணுக்குகளையும் அளவுக் குறிப்புகளையும் சிறு உறையிலிட்டு, கிதார்ப் பெட்டிக்குள்ளேயே வைத்து உரிமையாளரிடம் ஒப்படைப்பதோடுதான் வேலை முடிகிறது.