பன்னூர் ஆட்டுப்பட்டியில் ஒரு பகல்

மைசூரில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுள், ஊரில் ஆடு வளர்த்த பாட்டனாரையோ பாட்டியாரையோ உடையவை பல. ஆயினும் அவ்வீடுகளின் சிறுவர் சிறுமியர் ஆட்டை அறிந்திருப்பது படப்புத்தகத்திலும் இறைச்சிக்கடை வாயிலிலுமே. செம்மறி எது, வெள்ளாடு எது என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. இக்குறையைச் சிறிதேனும் நீக்கக் கருதி, நம் குடும்பங்கள் சிலவற்றோடு பன்னூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிற்கு அண்மையில் சென்று வந்தோம். அங்குக் கண்டவற்றையும் கேட்டவற்றையும் அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மைசூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பன்னூர். வழியெங்கும் கரும்பும் நெல்லும் கண்ணுக்குக் குளிர்ச்சியாய்த் தோன்றும். அதனைக் கடந்து மளவள்ளித் திசையில் சென்றாலோ, கேழ்வரகும் கொள்ளும் விளையும் மானாவாரி நிலங்கள் எதிர்ப்படும். இவ்விரு நிலங்களும் சந்திக்கும் இப்பகுதியே, தென்னாட்டில் பெயர்பெற்ற செம்மறி இனம் ஒன்றின் தாயகம். அரசுப் பதிவேட்டில் அதன் பெயர் மாண்டியா. மக்கள் அதனைப் பன்னூர் ஆடு என்றும், மளவள்ளி வட்டத்துப் பண்டூர் என்னும் ஊரின் பெயரால் பண்டூர் ஆடு என்றும் வழங்குவர்.

நாம் சென்ற வீட்டில் முதியவர் ஒருவரும் அவர் மனைவியாருமே இருந்தனர். முன்கட்டில் மனிதர், பின்கட்டில் ஆடுகள் என்னும் பழைய அமைப்புடைய ஓட்டு வீடு அது. "வாங்க, வாங்க, உட்காருங்க" என்று அவர் தமிழிலேயே நம்மை வரவேற்றது கேட்டு வியந்தோம். இளமையில் ஆடு வாங்கவும் விற்கவும் சத்தியமங்கலம் வழியாகப் பலமுறை கொங்குநாட்டுச் சந்தைகளுக்குப் போனவராம்! அம்மையார் கன்னடத்திலேயே பேசினார். நம் பெண்மணிகள் அதனைப் பிள்ளைகளுக்குத் தமிழாக்கிக் கூறினர்.

பட்டியில் பதினெட்டு உருப்படிகள் நின்றன. பன்னூர் ஆடு உயரமானதன்று. குட்டையான கால், அகன்ற முதுகு, வெள்ளை உடல், சிலவற்றிற்கு முகத்தில் மட்டும் இளம் பழுப்பு. கொம்பு இல்லை. பலவற்றின் கழுத்தில் மணிபோல் இரண்டு சதைத் தொங்கல்கள் ஆடுகின்றன. பின்புறம் நின்று பார்த்தால் தொடைகள் இரண்டும் கவிழ்த்து வைத்த லாடம்போல் வளைந்து தோன்றும். இனத்தின் தூய்மையை அறிவோர் முதலில் நோக்குவது அவ்வளைவையே. வளர்ந்த கிடாய் ஏறத்தாழ 35 கிலோ எடை நிற்கும். பெட்டை அதனினும் குறைவு. நிறையை மட்டும் கருதினால் இதனை வெல்லும் இனங்கள் நாட்டில் பல உள. ஆயினும் இதன் இறைச்சியின் மென்மைக்கும், கொழுப்பு தசையினூடே சீராகப் பரவி நிற்கும் தன்மைக்கும் ஈடில்லை என்பர்.

புலால் உண்ணாத அன்பர்களும் நம்மோடு வந்திருந்தனர். அவர்களுக்கும் அங்குக் கற்க வேண்டியவை நிரம்ப இருந்தன. முதியவர் ஒரு பெட்டையின் வாயைத் திறந்து காட்டினார். மேல்தாடையின் முன்புறத்தில் பல்லே இல்லை! கீழ்வரிசைப் பற்களைக் கொண்டே வயதைச் சொல்லிவிடுகின்றனர். பால்பற்கள் மட்டும் இருந்தால் குட்டி. நடுவில் பெரிய பற்கள் இரண்டு முளைத்தால் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு. நான்கானால் ஏறத்தாழ இரண்டு. எட்டும் நிரம்பினால் நான்கு ஆண்டளவு. சினைக்காலம் ஐந்து திங்கள். பிறந்த குட்டிக்கு முதல் சில மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டிவிட வேண்டும். நோயை எதிர்க்கும் ஆற்றல் அதிலேதான் உள்ளது. இப்பகுதி பட்டுப்புழு வளர்ப்பிற்கும் பெயர்பெற்றது. ஆகவே புழுக்கள் தின்று கழித்த முசுக்கொட்டை இலையும் காம்பும் ஆடுகளுக்கு நல்ல தீனியாகின்றன. ஆட்டின் எருவோ மீண்டும் முசுக்கொட்டைத் தோட்டத்திற்கே செல்கிறது. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகும் இவ்வொழுங்கைக் கண்டு வியவாதார் யார்?

இனி, நம் உள்ளத்தை வருத்திய செய்திக்கு வருவோம். பட்டியின் ஒரு மூலையில் தனியே கட்டப்பட்டிருந்தது ஓர் இளங்கிடாய். லாட வளைவு, அகன்ற மார்பு, நிமிர்ந்த நடை என எல்லாம் பொருந்திய அழகன். பக்ரீத் பண்டிகைக்காக வாங்க வந்த வணிகர் ஒருவர், மற்றக் கிடாய்களைப் போல் மூன்று மடங்கு விலை சொல்லிச் சென்றிருக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் "விற்றுவிடுங்கள் அப்பா" என்று வற்புறுத்துகிறார். அம்மையாரின் கண் சிகிச்சைக்குப் பணமும் தேவை. பெரியவரோ தயங்குகிறார்.

"ஐயா, நல்ல கிடாய் எல்லாவற்றையும் விலைக்குத் தந்துவிட்டால், பெட்டைகளோடு சேர மிஞ்சுவது யாருக்கும் வேண்டாத கிடாய்தானே? அப்புறம் குட்டி எப்படி நன்றாக இருக்கும்? எங்கள் அப்பா காலத்தில் ஊருக்கு நாலு நல்ல கிடாய் இருந்தது. இப்போது நாலு ஊருக்கு ஒன்று தேடவேண்டியிருக்கிறது" என்றார் அவர்.

இச்சில சொற்களில் ஓரினம் தேய்வதற்குரிய காரணம் முழுவதும் அடங்கிவிட்டது. எது சிறந்ததோ அதுவே முதலில் விலைபோகிறது, எஞ்சியதே விதையாகிறது. விரைவில் எடை கூடவேண்டும் என்று வேற்றினக் கிடாய்களைச் சேர்ப்பதாலும் தூய்மை குன்றுகிறது. பன்னூர் ஆடு என்ற பெயரைச் சொல்லி வேறினத்தை நகரத்தில் விற்போரும் உளர் என்று அவர் வருந்தினார். பெயருக்குரிய விலை பெயரைத் தாங்கியவர்க்குச் சேராமற் போவது கொடுமையன்றோ? அந்தக் கிடாயை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டோம். அவர் மனைவியாரை நோக்கினார். "இந்தப் பருவம் பெட்டைகளோடு நிற்கட்டும், கண்ணுக்கு அவசரம் இல்லை" என்றார் அம்மையார். நம்முள் எவருக்கும் சற்று நேரம் பேச்செழவில்லை.

கால்நடை இனங்களைப் பேணுதல் மைசூர்ச் சீமைக்குப் புதிதன்று. சிக்கதேவராய உடையார் (1672–1704) காலத்தில் அரண்மனைக்கெனத் தோன்றிய 'பெண்ணெ சாவடி', அதாவது வெண்ணெய்ச் சாவடி, ஐதர் அலியால் விரிவாக்கப்பெற்று, திப்பு சுல்தானால் 'அமிர்த மகால்' எனப் பெயரிடப்பெற்றது. அம்மாடுகள் மேய்வதற்கென ஒதுக்கப்பட்ட நிலங்களுக்குக் 'காவல்' என்று பெயர். அந்நிலங்களில் பெரும்பகுதி பின்னர்ப் பிற பயன்களுக்குச் சென்றுவிட்டது. 1911இல் கண்ணம்பாடி அணையின் பணி தொடங்கி, வாய்க்கால் நீர் பரவியபின், இப்பகுதியின் வாழ்வு உயர்ந்தது. மேய்ச்சல் தரைகளோ சுருங்கின. நன்மை ஒன்று வரும்போது அதன் நிழலில் இழப்பு ஒன்றும் வருவது உலகியற்கை.

இதே சிக்கலைக் கடல்கடந்த நாடொன்று எவ்வாறு எதிர்கொண்டது என்பதும் அறியத்தக்கது. நார்வே நாட்டின் மேற்குக் கரையில், பனியாறுகள் குடைந்த ஆழ்பள்ளத்தாக்குகளுள் கடல் புகுந்து நிற்கும். அவற்றைப் பியோர்டு என்பர். அவற்றுள் பெரியதான சோங்னே பியோர்டு 200 கிலோமீட்டருக்கும் மேல் உள்நாட்டில் நீண்டு செல்வது. அதன் கிளையொன்றின் கரையில் உண்டிரெடால் என்னும் சிற்றூர் உள்ளது. மக்கள் ஏறத்தாழ நூற்றுவர். ஆடுகளோ அவர்களினும் பன்மடங்கு. 1988இல் சாலை வரும்வரை படகே அவ்வூருக்கு வழி. கோடையில் வெள்ளாடுகளை மலைமேய்ச்சலுக்கு ஓட்டிச் சென்று, அங்கேயே குடிசையமைத்துத் தங்கிப் பால் கறந்து பாலடைக்கட்டி செய்வது அந்நாட்டவரின் தொன்மரபு. திரண்ட பாலை எடுத்தபின் எஞ்சும் தெளிநீரையும் அவர்கள் கொட்டுவதில்லை. நம் வீடுகளில் திரட்டுப்பால் காய்ச்சுவதுபோல், பல மணி நேரம் அதனைச் சுண்டக் காய்ச்சிப் பழுப்பு நிறமும் இனிப்பும் உடைய கட்டியாக்குகின்றனர்.

அங்கும் மலைக்குடிசைகள் பல கைவிடப்பட்டன. இளைஞர் நகரம் நாடினர். ஆயினும் எஞ்சியோர் தம் ஊரின் பெயராலேயே பொருளை விற்கின்றனர். உண்மையான பொருளுக்கு உரிய விலையைத் தர மக்களும் முன்வருகின்றனர். நார்வேயும் சுவீடனும் போற்றும் இக்கோடை மேய்ச்சல் மரபை யுனெஸ்கோ 2024இல் மானிடப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் பொது அவை 2022இல் அறிவித்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது.

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் வெள்ளாடுகள் ஏறத்தாழ 14.9 கோடி, செம்மறிகள் 7.4 கோடி. தொகையில் குறைவில்லை, குறைவதெல்லாம் வகையிலேதான். அன்பர்களே, நீங்கள் சேலத்தவராயின் மேச்சேரிச் செம்மறியும் சேலம் கருப்பு வெள்ளாடும் உங்கள் ஊர்ச் செல்வங்கள். கொங்கு நாட்டவராயின் கோவைக் குறும்பை. தென்பாண்டி நாட்டவராயின் வேம்பூர் ஆடும், கீழக்கரிசலும், கன்னி ஆடும், கொடி ஆடும். மலைநாட்டவராயின் நீலகிரிச் செம்மறி. இப்பெயர்களை உங்கள் பிள்ளைகள் ஒருமுறையேனும் கேட்டிருக்கின்றனரா?

சொல்லிலும் ஓர் உறவு உண்டு. கன்னடத்தில் செம்மறியைக் 'குரி' என்கின்றனர். நம் பழைய நிகண்டுகளிலும் ஆட்டுக்குக் 'கொறி' என்னும் பெயர் காணப்படுகிறது. கன்னடத்து 'ஆடு' வெள்ளாட்டை மட்டும் குறிக்கும். நம் 'ஆடு' இரண்டையும் தழுவும். இதனை அம்மையாரிடம் சொன்னபோது, "அப்படியானால் நாம் சொந்தக்காரர்தாம்" என்று நகைத்தார்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் பெற்றோர், கோயிலையும் உறவினர் வீட்டையும் காட்டுவதோடு, அருகிலுள்ள ஓர் ஆட்டுப்பட்டியையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுகிறோம். வெறுங்கையராய்ச் செல்லாது, ஒரு கட்டுத் தழையேனும் கொண்டு செல்லுங்கள். இறைச்சி வாங்கும் அன்பர்கள், விலையை மட்டும் கேளாது இனத்தையும் கேட்டு, மெய்யாக வளர்த்தவர்க்கு உரிய விலையை மனமுவந்து கொடுங்கள். வாங்குவோர் வேறுபாடு அறிந்தால்தான், வளர்ப்போர்க்கு நல்ல கிடாயைக் கொட்டிலில் நிறுத்திவைக்கும் துணிவு பிறக்கும்.