கடற்பஞ்சுத் தீவில் குளிர்காலம்

மத்தியதரைக் கடல் தீவு என்றதும் எல்லோருடைய மனக்கண்ணிலும் கோடைகாலம்தான் தோன்றும். நீல வானம், மணலில் வெயில் காயும் உல்லாசப் பிரயாணிகள், கூட்டம் வழியும் காப்பிக் கடைகள்! ஆனால் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, குளிர்காலத்தில் போய்ப் பார்க்க வேண்டிய தீவு ஒன்று உண்டு. கிரேக்க நாட்டின் தென்கிழக்குக் கோடியிலுள்ள ஸிமி என்ற சின்னஞ்சிறு தீவு அது. வாருங்கள், ஒரு பாய்மரப் படகில் ஏறிப் போய் வருவோம்!

ரோட்ஸ் தீவிலிருந்து வடமேற்கே பாயை விரித்தால், காற்று மனம் வைக்குமானால், ஏறக்குறைய ஐந்து மணி நேரப் பயணம். வலது கைப் பக்கம் துருக்கி நாட்டு மலைகள் கூடவே வருகின்றன. கோடையில் ஓயாமல் அடிக்கும் 'மெல்டெமி' என்ற வடகாற்று இப்போது இல்லை. அதற்குப் பதிலாகத் தெற்கிலிருந்து திடீரென்று புயற்காற்றுக் கிளம்பும். ஆகையால் வானத்தைப் பார்த்துத்தான் நங்கூரம் எடுக்க வேண்டும்.

நடுக் குளிர்காலத்தில் மட்டும் சில நாட்கள் கடல் குளம்போல் அடங்கிவிடும். அவற்றை 'ஆல்ஸியோன் நாட்கள்' என்கிறார்கள். ஆல்ஸியோன் என்பவள் கிரேக்க புராணத்தில் வரும் ஒரு பதிவிரதை. புருஷன் கப்பல் உடைந்து இறந்தான் என்று அறிந்ததும் தானும் கடலில் விழுந்தாள். தேவர்கள் இரங்கி இருவரையும் மீன்கொத்திப் பறவைகளாக்கினார்கள். அவள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதற்காகத்தான் அந்தச் சில நாட்கள் காற்று அடங்குகிறதாம்!

ஆண்கள் இல்லாத கோடை

கடலுக்குப் போன புருஷனை எதிர்பார்த்துக் காத்திருப்பது ஸிமியில் வெறும் கதையல்ல. அந்தக் காலத்தில் இத்தீவின் பிழைப்பே கடற்பஞ்சுதான். உடம்பு தேய்த்துக் குளிக்க உதவுகிறதே, அந்த ஸ்பாஞ்சுதான். அது செடியல்ல, கடலடிப் பாறையில் ஒட்டி வாழும் ஒரு பிராணி. துருக்கிய சுல்தானுக்கு ஸிமி செலுத்திய கப்பம்கூடக் கடற்பஞ்சுதான்.

அப்போதெல்லாம் ஈஸ்டர் பண்டிகை முடிந்ததும் ஆண்கள் படகேறி ஆப்பிரிக்கக் கரைவரை போய்விடுவார்கள். இலையுதிர் காலத்தில்தான் திரும்புவார்கள். கோடை முழுவதும் ஊரில் பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும்தான். கடன்காரனுக்குப் பதில் சொல்வது முதல் எல்லாம் பெண்கள் பொறுப்பு. வீடும் பெண்ணுடையதே, இந்தப் பக்கத்துத் தீவுகளில் தாயின் வீடு மகளுக்குச் சீதனமாகப் போவது வழக்கம். மாப்பிள்ளைதான் மனைவி வீட்டுக்குக் குடி வர வேண்டும்! ஆக, நாம் 'ஸீஸன் இல்லாத காலம்' என்று சொல்லும் குளிர்காலம்தான் அவர்களுக்குக் கல்யாணமும் கொண்டாட்டமுமான காலமாக இருந்தது.

தண்ணீருக்குள் இறங்கிய மனைவி

ஆதியில் மூழ்குகிறவர்கள் ஒரு தட்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்கினார்கள். 1863-ல் செம்புத் தலைக்கவசமும் ரப்பர் உடையும் வந்து சேர்ந்தன. அதைப் போட்டுக்கொள்ள எல்லோருக்கும் பயம். உடையைக் கொண்டுவந்தவரின் மனைவி, கர்ப்பிணியாக இருந்தும், தானே அதை அணிந்து துறைமுகத்தில் மூழ்கிக் காட்டினாள் என்று தீவில் சொல்கிறார்கள். பிறகு எந்த ஆண்பிள்ளை பயப்படுவான்?

பயப்பட்டிருக்கலாம். ஆழத்தில் வெகுநேரம் இருந்தால் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் குமிழிகள் பொங்கி, உடம்பை முடக்கிவிடும், உயிரையும் வாங்கும். மெல்ல மெல்ல ஏற வேண்டும் என்பதற்கு விஞ்ஞானி ஹால்டேன் கணக்குப் போட்டுக் கொடுத்தது 1908-ல்தான். அதற்குள் ஸிமியிலும் அக்கம்பக்கத்துத் தீவுகளிலும் எத்தனையோ வீடுகளில் நடக்க முடியாத கணவன்மார் கிடந்தார்கள். பல படகுகள் ஆள் குறைந்து திரும்பின. துறைமுகத்தில் நின்ற பெண்கள் தலைகளை எண்ணிப் பார்த்த கண்ணீரை யார் அளப்பது?

மழைக்குக் காத்திருக்கும் ஊர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருபதாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த தீவில் இப்போது சுமார் 2,500 பேர்தான். செயற்கை ஸ்பாஞ்சு வந்து பழைய தொழிலைப் படுக்கவைத்தது. கோடையில் ரோட்ஸிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பும் பிரயாணிகளே பிழைப்பு.

குளிர்காலத்தில் நம் படகு நுழையும்போது துறைமுகம் வெறிச்சென்றிருக்கிறது. 1881-ல் கட்டிய மணிக்கூண்டு வரவேற்கிறது. மஞ்சளும் நீலமுமாக வீடுகள் கொலுப்படிபோல் மலைமேல் அடுக்கடுக்காக ஏறுகின்றன. மேல் ஊருக்கு ஏறக்குறைய ஐந்நூறு படிகள்! பாதிக் கடைகள் மூடியிருக்கும். ஆனால் மழை பெய்தால் ஊர் மகிழ்கிறது. ஊற்று நீர் அரிதான தீவில் மழைநீரைத் தொட்டியில் சேர்த்துத்தான் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள்.

தென்மேற்கே பானோர்மிட்டிஸ் விரிகுடாவில் படகை நிறுத்தினால், கரையிலேயே மாலுமிகளின் காவல் தெய்வமான மிக்கேல் தேவதூதரின் மடம். நவம்பர் 8-ந் தேதி திருவிழா. தூரதேசத்து மாலுமிகள் காணிக்கையைப் புட்டியில் அடைத்துக் கடலில் எறிந்தால், அது தானாக இங்கே வந்து ஒதுங்கும் என்பது நம்பிக்கை. பெண்கள் கொண்டுவரும் காணிக்கை என்ன தெரியுமோ? விளக்குமாறு! கடலிலிருந்து ஆள் பத்திரமாகத் திரும்பி வந்தால் போதும், வாசலைப் பெருக்கிக் காத்திருக்க அவர்கள் தயார்.