கரிம வினைவேகமாற்றிகளும் பலபடிகளின் தன்னொருங்கமைவும்

உலோக அணு இல்லாத சிறிய கரிமச் சேர்மம் ஒரு வேதிவினையை விரைவுபடுத்தினால் அது கரிம வினைவேகமாற்றி எனப்படும் (வினையூக்கி என்று படித்தவர்கள் அப்படியே கொள்ளலாம்). யாரும் அடுக்காமல் மூலக்கூறுகள் தாமே ஓர் ஒழுங்கான அமைப்பாகச் சேர்வது தன்னொருங்கமைவு. பலபடி (பாலிமர்) ஆய்வில் இவ்விரண்டும் தொடர்புடையவை. சங்கிலிகள் எவ்வளவு சீராக வளர்கின்றனவோ, அவை சேர்ந்து உருவாகும் துகள்களும் பெரும்பாலும் அவ்வளவு சீராக இருக்கும்.

கோட்டக்குப்பம் முதல் மரக்காணம் வரையிலான எங்கள் கரையில் இதை விளக்க உப்பும் சோப்பும் போதும். உப்பளப் பாத்தியில் நீர் வற்றும்போது அயனிகள் தாமே அடுக்கிக்கொண்டு கனசதுரப் படிகமாகின்றன. கரைசல் உள்ளவரை படிகம் வளரும். சோப்பு மூலக்கூறுகள் சேர்வதோ ஓர் அளவில் நின்றுவிடும். அதன் தலை நீரை நாடும், ஹைட்ரோகார்பன் வால் நாடாது. வாலைச் சுற்றிய நீர் மூலக்கூறுகள் கட்டுண்டு நிற்கின்றன. வால்கள் உள்ளே ஒதுங்கிக்கொண்டால் அந்த நீர் விடுபடுகிறது. இப்படி உருவாகும் உருண்டையே மிசெல். பற்பசையில் சேர்க்கப்படும் சோடியம் டோடெசைல் சல்பேட்டு, தூய நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிராமைத் தாண்டினால்தான் மிசெல் ஆகிறது. ஒரு மிசெலில் சுமார் 60 மூலக்கூறுகள் இருக்கும்.

சோப்பு மிசெலை மருந்து சுமக்க அனுப்ப முடியாது. இரத்தத்தில் கலந்து நீர்த்தவுடன் கலைந்துவிடும். கடல்நீரில் சோப்பு நுரைக்காததை மீனவர் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள். கால்சியமும் மக்னீசியமும் அதைத் திரித்துவிடுகின்றன. ஆகவே நீரை நாடும் பாலிஎத்திலீன் கிளைக்கால் ஒரு பக்கமும், நீரை நாடாத பாலிலாக்டைடு மறுபக்கமுமாக ஒரே சங்கிலியில் இணைத்தார்கள். இதன் தலைக்கு மின்சுமை இல்லாததால் இரத்தத்தின் உப்பு இதைப் பெரிதாகப் பாதிக்காது. மிகக் குறைந்த செறிவிலும் மிசெல் நிலைக்கும். இவ்வகை மிசெலில் பாக்ளிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றிய ஜெனெக்சால்-பிஎம், 2007இல் தென்கொரியாவில் ஒப்புதல் பெற்றது.

பாலிலாக்டைடு, லாக்டைடு வளையங்களைத் திறந்து கோத்துச் செய்யப்படுகிறது. ஒரு தொடக்கிக்கு 100 லாக்டைடு என்று கலந்து, எல்லாச் சங்கிலிகளும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக வளர்ந்தால், சங்கிலியின் மூலக்கூறு நிறை ஏறத்தாழ 144 × 100, அதாவது 14,400. கணக்கு எளிது, நடப்பதுதான் கடினம். வழக்கமான வெள்ளீய ஆக்டோயேட், வினையின் பிற்பகுதியில் வளர்ந்த சங்கிலிகளையே வெட்டி மாற்றி ஒட்டுவதுண்டு. நீளம் கலைந்துபோகும், உலோக எச்சமும் தங்கும். அந்த எச்சம் மின்னணுச் சில்லுக்கும் ஆகாது, உடலுக்குள் செல்லும் பொருளுக்கும் உவப்பில்லை.

2001இல் ஐபிஎம் அல்மடேன் ஆய்வகத்தின் ஜேம்ஸ் ஹெட்ரிக் குழு, டைமெதில்அமினோபிரிடின் என்ற கரிமச் சேர்மத்தால் லாக்டைடைச் சீரான சங்கிலிகளாக்கியது. பின்னர் ஸ்டான்ஃபோர்டின் ராபர்ட் வேமவுத்துடன் சேர்ந்து 2005இல் தயோயூரியா-அமீன் இணையைக் கொண்டுவந்தது. எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். தயோயூரியா, ஹைட்ரஜன் பிணைப்பால் வளையத்தின் கார்பனைல் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. அமீன், சங்கிலி முனையிலுள்ள ஆல்கஹாலைத் தூண்டுகிறது. இறுக்கமான வளையம் எளிதில் திறக்கிறது. வளர்ந்த சங்கிலியோ அநேகமாகத் தொடப்படுவதில்லை. நம் உடலின் நொதிகள் செய்யும் வேலையின் எளிய வடிவம் இது.

2021இல் பெஞ்சமின் லிஸ்ட், டேவிட் மெக்மில்லன் இருவரும் பெற்ற நோபல் பரிசு பலபடிக்காக அல்ல, சமச்சீரற்ற கரிம வினைவேகமாற்றத்துக்காக. செய்திகளில் இது குழப்பப்படுகிறது.

2011இல் ஹெட்ரிக் குழுவும் சிங்கப்பூரில் யீ யான் யாங் குழுவும் இவ்வழியில் செய்த பாலிகார்பனேட்டுகள், நீரில் நேர்மின்சுமையுள்ள நுண்துகள்களாகச் சேர்ந்தன. மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியின் சவ்வைக் கிழித்தன. சிவப்பணுக்களைக் குறிப்பிடத்தக்க அளவில் சிதைக்கவில்லை. மருந்துக்குக் கிருமி பழகிப்போகும் காலத்தில் இது கவனிக்கத்தக்கது. ஆனால் ஆய்வக முடிவு மருந்தகத்து மருந்தாகிவிடாது.

தொழிற்சாலைகளில் இன்றும் வெள்ளீயமே பெரும்பாலும் பயன்படுகிறது. அது விலை குறைந்தது, மிகச் சிறிய அளவே போதும், உருகுநிலை வெப்பத்தையும் தாங்கும். கரிம வினைவேகமாற்றிகள் பெரும்பாலும் அதைவிடக் கூடுதல் அளவில் வேண்டியிருக்கின்றன. பல, சிறிது ஈரம் பட்டாலே ஒழுங்காக வேலை செய்வதில்லை.