கேட்டுக்கு வெளியே நிற்கும் வழக்கு

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் சுங்குவார்சத்திரம் அருகே இருக்கும் ஃபாக்ஸ்கான் ஆலை, மணமான பெண்களை ஐபோன் பொருத்தும் வேலைக்கு எடுப்பதைத் திட்டமிட்டே தவிர்க்கிறது என்று 2024 ஜூன் மாதம் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. வேலை கேட்டு வந்த பெண்களிடம் கேட்டிலேயே “கல்யாணம் ஆயிடுச்சா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பியதாக அந்தச் செய்தி சொன்னது. நிறுவனம் மறுத்தது, அண்மையில் சேர்ந்தவர்களில் நான்கில் ஒரு பங்கு மணமான பெண்கள்தான் என்றது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையமும் நோட்டீஸ் அனுப்பியது. தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆலைக்குள் போய், அங்கே வேலை செய்யும் மணமான பெண்களிடம் பேசிவிட்டு, பாகுபாடு இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் கணக்கின்படி 33,360 பெண் தொழிலாளர்களில் மணமானவர்கள் ஏறத்தாழ 2,750 பேர், அதாவது நூற்றுக்கு எட்டுப் பேர். உள்ளே இருப்பவர்களை எத்தனை முறை எண்ணினாலும் வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றி எதுவும் தெரியவராது. இந்த வழக்கின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

ஏறக்குறைய இதே கேள்வி அரை நூற்றாண்டுக்கு முன்பு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஃபுளோரிடாவில் மார்ட்டின் மரியெட்டா என்ற நிறுவனத்தின் அசெம்பிளி பயிற்சி வேலைக்கு 1966-இல் ஐடா ஃபிலிப்ஸ் என்ற பெண் விண்ணப்பித்தார். பள்ளி வயதை எட்டாத குழந்தை உள்ள பெண்களை எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதே வயதில் குழந்தை உள்ள ஆண்களுக்குத் தடையேதும் இல்லை. நிறுவனத்தின் வாதம் இன்று நமக்கும் பழகியதுதான்: இந்த வேலையில் சேர்க்கப்பட்டவர்களில் முக்கால் பங்குக்கு மேல் பெண்கள், பிறகு பெண்களுக்கு எதிரான பாகுபாடு எங்கே வந்தது? 1971 ஜனவரியில் வந்த தீர்ப்பு இதை ஏற்கவில்லை. பெண்களுக்கு ஒரு விதி, ஆண்களுக்கு ஒரு விதி என்று வைப்பதையே 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் தடுக்கிறது என்றது. ஆகவே சுங்குவார்சத்திரத்தில் விசாரிக்க வேண்டியது, ஆலையில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்பதை அல்ல. கல்யாணம் ஆகிவிட்டதா என்ற கேள்விக்கு ஓர் ஆண் சொல்லும் பதில் அவன் வேலையைப் பறிக்கிறதா என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

ஐடா ஃபிலிப்ஸுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர்கள் கறுப்பின மக்களின் உரிமைக்காக வழக்கு நடத்திவந்த சட்டநிதி அமைப்பின் வழக்கறிஞர்கள். அதே ஆண்டு மார்ச்சில் டியூக் பவர் நிறுவனத்துக்கு எதிரான வழக்கிலும் அவர்களே வென்றார்கள். வேலைக்குத் தேவையே இல்லாத பள்ளிச் சான்றிதழும் தேர்வும் கறுப்பினத்தாரைப் பெருமளவில் வடிகட்டுகின்றன என்றால், உள்நோக்கம் என்ன என்று பார்க்க வேண்டியதில்லை, அந்த நிபந்தனை வேலைக்கு அவசியம் என்று முதலாளிதான் காட்ட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நிறத்துக்காகத் தீட்டிய வாதத்தைப் பெண்ணுக்காகவும், பெண்ணுக்காக வென்றதை மற்றவர்களுக்காகவும் எடுத்துக்கொண்டு போனதுதான் அவர்களுடைய உத்தி. ஃபிலிப்ஸ் வழக்கு முழு வெற்றி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். குழந்தை வளர்ப்பு வேலையைப் பாதிக்கிறது என்று ஆதாரம் காட்டினால் பார்க்கலாம் என்று நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்தே வைத்தது. சட்டநிதி அமைப்பை ஒருகாலத்தில் தலைமையேற்று நடத்திய நீதிபதி தர்குட் மார்ஷல் அதைக் கண்டித்துத் தனியாக எழுதினார்.

அமெரிக்கா வரை போகத் தேவையில்லை என்பவர்களுக்கு நம் உச்ச நீதிமன்றமே பதில் வைத்திருக்கிறது. இன்டர்நேஷனல் ஃபிரான்சைசஸ் என்ற மருந்து நிறுவனத்தின் பேக்கிங் பிரிவில், கல்யாணம் செய்துகொண்டால் பெண்ணின் வேலை போய்விடும் என்று விதி இருந்தது. அங்கே குழுவாக வேலை நடக்கிறது, மணமானவர்கள் அடிக்கடி லீவு போடுவார்கள் என்றது நிறுவனம். பாம்பே லேபர் யூனியன் வழக்குத் தொடுத்தது. 1965-இல் நீதிமன்றம் அந்த விதியை நீக்கியது. மணமான பெண்ணுக்கும் மற்றப் பெண்களுக்கும் வருகையில் வித்தியாசம் வருவதானால் அது பேறுகால விடுப்பு ஒன்றில்தான், அதைச் சமாளிக்கக் கொஞ்சம் கூடுதல் ஆட்களை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது. இந்தத் தீர்ப்பை நாம் போதிய அளவு நினைவில் வைத்திருக்கவில்லை என்பது என் வருத்தம். குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், லீவு என்று இன்று சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் ஏற்கெனவே கேட்டுத் தள்ளப்பட்டவை.

புதிதாகச் சொல்லப்படுவது நகை. தாலியும் மெட்டியும் உலோகம், உற்பத்திக்கு இடைஞ்சல் என்கிறார்கள். உலோகம் அணியக் கூடாது என்பது பாதுகாப்பு விதி, மதமோ பாலோ பார்க்காமல் எல்லோருக்கும் பொதுவானது என்கிறது நிறுவனம். அப்படியே இருக்கட்டும். அப்படியானால் அந்த விதியை லைனில் நிற்கும்போது சொல்ல வேண்டும். தாலியை மஞ்சள் கயிற்றில் மட்டும் கட்டிக்கொள்ளும் பெண்களும் உண்டு, ஷிப்ட் முடியும்வரை மெட்டியைக் கழற்றி வைக்கச் சம்மதிப்பவர்களும் உண்டு. கேட்டில் நின்று கல்யாணத்தை விசாரிக்க உலோகம் காரணமாகாது. இன்னொன்று: உற்பத்தி உச்சத்தில் ஆள் பற்றாக்குறை வரும்போது இந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டதாக ராய்ட்டர்ஸ் எழுதியது. அது உண்மையானால், ஆர்டர் கூடும் மாதங்களில் மணமான பெண்ணின் கை ஐபோனைப் பொருத்தத் தகுதியாகிவிடுகிறது. அவசியம் என்ற வாதம் அதோடு விழுந்துவிடுகிறது. கெடுபிடி செய்தால் முதலீடு வேறு மாநிலத்துக்குப் போய்விடும் என்ற பயத்தையும் ஒதுக்க முடியாது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்தச் சம்பளத்தில் வாழ்கின்றன. ஆனால் பாகுபாட்டுத் தடை நாடு முழுவதற்குமான சட்டம். எந்த மாநிலத்துக்குப் போனாலும் அது கூடவே வரும்.

உண்மையான சிக்கல் வழக்குப் போடும் வழியில் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 15-ஆவது பிரிவு அரசு செய்யும் பாகுபாட்டைத் தடுக்கிறது. 1988-இல் கல்யாணத்துக்காக ராணுவச் செவிலியர் பணியிலிருந்து நீக்கப்பட்ட செலினா ஜானுக்கு 60 லட்சம் ரூபாய் தரும்படி 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, காரணம் அவருடைய முதலாளி அரசு. தனியார் ஆலைக்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இருந்தது, இப்போது ஊதியச் சட்டத்தொகுப்பு அதன் இடத்தில் இருக்கிறது. இரண்டும் வேலைக்கு எடுக்கும்போது ஆண்–பெண் பாகுபாட்டைத் தடுக்கின்றன, மண நிலையைப் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஃபிலிப்ஸ் வழக்கின் தர்க்கம் இங்கே தேவைப்படுவது அதனால்தான். பாம்பேயில் யூனியன் இருந்தது. இந்தப் பகுதியில் சாம்சங் தொழிலாளர்கள் 2024-இல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்த பிறகே அவர்கள் சங்கம் பதிவானது. அதுவும் உள்ளே இருப்பவர்களின் சங்கம். கேட்டில் திருப்பி அனுப்பப்பட்டவரிடம் நிராகரித்ததாக ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது, ஆள் எடுத்தது ஏஜென்சி என்று கை காட்டவும் வழி இருக்கிறது.

அதிகாரிகள் ஆளெடுப்பு ஆவணங்களைப் பார்க்கவேயில்லை என்று சொல்லி மனித உரிமை ஆணையம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது 2025 தொடக்கத்தில் தெரியவந்தது. அது சரியான இடத்தில் வைத்த விரல். இதற்கிடையே, விளம்பரங்களில் வயது, பால், மண நிலை எதுவும் வரக் கூடாது என்று ஏஜென்சிகளுக்கு ஃபாக்ஸ்கான் சொல்லிவிட்டதாக 2024 நவம்பரில் செய்தி வந்தது. வரவேற்க வேண்டியதுதான், ஆனாலும் கையில் இருந்த ஒரே எழுத்துச் சாட்சியமும் அதோடு மறைகிறது. அமெரிக்காவில் விண்ணப்பங்களையும் ஆளெடுப்புப் பதிவுகளையும் குறைந்தது ஓராண்டாவது முதலாளி பத்திரப்படுத்த வேண்டும், நிராகரிக்கப்பட்டவர்களுடையதும் அதில் அடக்கம். சிப்காட் நிலமும் சலுகைகளும் தரும் தமிழ்நாடு அரசு, வல்லம் வடகாலில் 18,720 பெண்களுக்கு விடுதி கட்டித் தந்த அரசு, தான் போடும் ஒப்பந்தங்களில் அப்படி ஒரு பதிவேட்டைக் கட்டாயமாக்கலாம்: யார் வந்தார்கள், ஆணா பெண்ணா, எந்த ஏஜென்சி அனுப்பியது, என்ன காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.