படப்பையில் யார் யார்?

சென்னையை அடுத்த படப்பையில் எத்தனை பேர் என்று கேட்டால் அரசுக் காகிதம் 2011ஆம் ஆண்டுக் கணக்கைத்தான் நீட்டும். 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1க்குக் குறித்திருக்கிறார்கள். இடையில்தான் பக்கத்து ஒரகடம் உருமாறியது. டைம்லர் ஆலை 2012இல் வந்தது, ராயல் என்ஃபீல்டு ஆலை 2013இல். தாம்பரம் 2021 நவம்பரில் மாநகராட்சியானது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் அதில் சேர்ந்தன. படப்பை அந்தப் பட்டியலில் இல்லை.

சரி, யார் யார்? லண்டனின் நியூஹாம் பகுதியில் இதற்கு விடை எளிது. அங்கே 1991 முதல் கணக்கெடுப்பிலேயே இனம் கேட்கிறார்கள். 2021இல் மூன்றரை லட்சம் பேரில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் ஆசிய வம்சாவளி. அங்குள்ள ஈஸ்ட் ஹாம் தமிழர்களும் அதில் அடக்கம். நம் படிவத்தில் அந்தக் கேள்வியே கிடையாது. மதம், தாய்மொழி, பிறந்த ஊர், பட்டியல் சாதியா பழங்குடியா என்பவைதான். வரும் கணக்கில் எல்லாச் சாதியையும் கேட்கப்போகிறார்கள்.

தாய்மொழிக் கணக்கிலும் ஒரு கோணல் உண்டு. பீகாரிலிருந்து வந்து ஒரே அறையில் தங்கும் இருவரில் தர்பங்காக்காரர் மைதிலி பேசினால் அது தனி மொழி. சாப்ராக்காரரின் போஜ்புரியோ இந்திக் கணக்கில் கரைந்துவிடும். நாமோ ஒடியா, வங்காளம் பேசுகிறவரையும் சேர்த்து ‘இந்திக்காரங்க’ என்று முடித்துவிடுகிறோம்! திருவண்ணாமலையிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வேலைக்கு வந்தவர் தாய்மொழிப் பட்டியலில் தெரியவே மாட்டார். பிறந்த ஊர்ப் பட்டியலில்தான் அகப்படுவார்.

வாக்காளர் பட்டியலை வைத்து ஊரை அளக்கவும் முடியாது. வெளிமாநிலத் தொழிலாளியின் ஓட்டு பெரும்பாலும் சொந்த ஊரில்தான். ரேஷன் அட்டையும் அங்கேதான்; ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் 2020 அக்டோபர் முதல் இங்கும் அரிசி வாங்கலாம் என்பது வேறு. கணக்கெடுப்பு மட்டும் வேறு விதி வைத்திருக்கிறது: ஒருவர் வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ, எடுக்கும் நாட்களில் ஒரு பகுதியாவது அங்கே இருந்தால் அங்கேதான் சேர்ப்பார்கள். ஆகவே படப்பையில் வாடகைக்கு இருக்கும் ஒடிசாக்காரர் படப்பைக்காரராகத்தான் எண்ணப்பட வேண்டும். ஆனால் கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும் நேரம் அவர் ஷிப்டில் இருப்பார். வீட்டு உரிமையாளரோ, மாடியில் எத்தனை பேருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம் என்பதை முழுசாகச் சொல்லத் தயங்குவார்.