80 சதவீதப் பச்சை

கலசப்பாக்கம் பக்கம் ஓர் ஊர் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஊரில் 400 வீடு, காலனியில் 100. ஊர் முழுக்கக் குடிநீர்க் குழாய் வந்தாயிற்று. காலனிக்கு ஒன்றுகூட இல்லை. அதிகாரியின் கணினித் திரையில் என்ன தெரியும்? 80 சதவீதம், பச்சை நிறத்தில். அவர் அடுத்த ஊரைப் பார்க்கப் போய்விடுவார்.

எக்செல், பவர் பிஐ படிக்கும் நம் பிள்ளைகள் நாளை கம்பெனிகளில் இந்த 'டேஷ்போர்டு'களைத்தான் செய்யப்போகிறார்கள். விற்பனைக் கணக்கிலும் இதே கதைதான். நலிந்த கிளையைச் சராசரி மறைத்துவிடும். ஊருக்கு ஒரு பட்டை, காலனிக்கு ஒரு பட்டை என்று பிரித்து வரைந்தால் 100-ம் 0-வும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

1900-ல் பாரிஸ் கண்காட்சிக்காக டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ், அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து, அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலம், படிப்பு, தொழில் விவரங்களைச் சுமார் 60 வண்ணப் படங்களாக வரைந்தார். எல்லாம் கையால்! கிராம சபைக்கு ஒரு சார்ட் தாளும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். வீடு வீடாக எண்ணிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.