முதுகுவலியும் ரத்தப் புற்றுநோயும்: கையெழுத்துப் போடும் முன்

அறுபதைத் தாண்டியவர் முதுகு வலிக்கிறது என்றால் தைலமும் வலி மாத்திரையும்தான் முதலில் வரும். பலருக்கு அதுவே போதும். வாரக்கணக்கில் விடாத வலியோடு சோகையும் களைப்பும் சேர்ந்தால் அது போதாது. மல்டிபிள் மைலோமா எனும் ரத்தப் புற்றுநோய் எலும்பை உள்ளிருந்து அரிக்கும். குனிந்து குடம் தூக்கினாலே முதுகெலும்பு நொறுங்கி அமுங்கலாம். ஹீமோகுளோபின், கால்சியம், கிரியாட்டினின், புரத எலக்ட்ரோபோரெசிஸ் பரிசோதனைகள் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்த நோய் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதால், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளை மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்குவது ஆபத்து.

நொறுங்கிய எலும்புக்குப் பெரிய அறுவை சிகிச்சைதான் வழி என்றில்லை. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி முதுகுத் தோல் வழியாக ஊசியை எலும்புக்குள் செலுத்தி, பற்பசைப் பதத்தில் இருக்கும் எலும்பு சிமென்ட்டைச் சில மில்லி மட்டும் நிரப்புவார்கள். சில நிமிடங்களில் அது இறுகிவிடும். 1984இல் பிரான்சில் தொடங்கிய இம்முறை வெர்டிப்ரோபிளாஸ்டி. முதலில் பலூனை விரித்து இடம் உண்டாக்கிவிட்டு நிரப்பினால் கைஃபோபிளாஸ்டி.

2011இல் வெளியான ஓர் ஆய்வில், முதுகெலும்பு நொறுங்கிய 134 புற்றுநோயாளிகளில் பலூன் சிகிச்சை பெற்றவர்களின் அன்றாட இயக்கம் ஒரே மாதத்தில் தெளிவாக மேம்பட்டது. ஆனால் மூப்பில் எலும்பு வலுவிழந்து முறிந்தவர்களிடம் 2009இல் வந்த இரண்டு ஆய்வுகளில், சிமென்ட் ஊசி, சிமென்ட் செலுத்தாமல் செலுத்துவதுபோல் செய்த பாவனைச் சிகிச்சையைவிட மேலாக இல்லை. எல்லா முதுகுவலிக்கும் இதைப் பரிந்துரைத்தால் யோசியுங்கள். வலி வருவது அந்த எலும்பிலிருந்துதான் என்று எம்.ஆர்.ஐ. உறுதிசெய்ததா என்று கேளுங்கள்.

சிமென்ட் கசிந்து நரம்பை அழுத்தலாம். அரிதாக நுரையீரலுக்கும் போகலாம். ரத்தப் புற்றுநோயில் தட்டணுக்களும் எதிர்ப்புச் சக்தியும் குறைந்திருக்கக்கூடும் என்பதால் ரத்தக்கசிவும் கிருமித்தொற்றும் கூடுதல் கவலை. சிமென்ட் வலியைக் குறைக்கும், புற்றுநோயைத் தீர்க்காது. மருந்துச் சிகிச்சை தொடர வேண்டும்.

கால் மரத்துத் தளர்ந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டை இழந்தாலோ தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம். மறுநாள் ஓ.பி.க்குக் காத்திருக்காமல் அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தாமதித்தால் நடை திரும்பாமல் போகலாம்.

“அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க டாக்டர்” என்று பிள்ளைகள் கெஞ்சுவதும், மகனே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதும் நம் வீடுகளில் சகஜம். பாசம்தான், ஆனால் முதுகு அவருடையது. 2008இல் சமீரா கோலி வழக்கில், மயக்கத்தில் இருந்த வயதுவந்த மகளுக்காகத் தாய் தந்த ஒப்புதல் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். சிகிச்சை என்ன, ஆபத்து என்ன, மாற்று வழி என்ன என்பதை நோயாளிக்கே விளக்க வேண்டும். கதிர்வீச்சும் மாற்றுவழிதான். கடும் வலிக்கு மார்ஃபின் தேவைப்படுவோர்க்கு அது கிடைப்பதை எளிதாக்கத்தான் 2014இல் போதைப்பொருள் சட்டமே திருத்தப்பட்டது. கேட்கத் தயங்க வேண்டாம்.

மருத்துவப் பதிவுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. ஸ்கேன் படங்களையும் ஒப்புதல் படிவ நகலையும் பத்திரப்படுத்துங்கள். கட்டணம் வாங்கும் மருத்துவமனையில் கவனக்குறைவால் தீங்கு நேர்ந்தால், 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்.